பின்சீட்டில் அம்மா

அம்மா ஏறினால் வண்டியில் லைட் போய்விடும் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அப்பா அதைக் கேலியாகச் சொல்வார். பெரியப்பா வீட்டில் கேலி இல்லாமலே சொன்னார்கள், "அவ ராசி அப்படி" என்று. 2022இல் அப்பா இறந்த பிறகு அந்தப் பேச்சிலிருந்த கேலி கழன்றுபோய் ராசி மட்டும் மிஞ்சியது.

வண்டி, அப்பா 1996இல் பழசாக வாங்கிய பிரீமியர் பத்மினி. 1987 மாடல், வெண்ணெய் நிறம். இத்தாலியின் ஃபியட் 1100 காரை மும்பை குர்லாவில் உரிமம் வாங்கித் தயாரித்துக்கொண்டிருந்தவர்கள், 1970களில் அதற்குப் பத்மினி என்று பெயர் வைத்தார்கள். தீயில் இறங்கியதாகக் கதை சொல்லப்படுகிற சித்தூர் ராணியின் பெயர். வயதாக ஆக ஒயரிங் பொசுங்கக்கூடிய ஒரு சாமானுக்கு, எரிந்துபோன ஒரு பெண்ணின் பெயர். யாருக்கும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை.

அப்பாவுக்குப் பிறகு வண்டி யாருக்கு என்ற கேள்வியே எங்கள் வீட்டில் எழவில்லை. பழைய இரும்புக் கடைக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்த பதிலாக இருந்தது. அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து போனிலேயே விலை பேசிவிட்டான். எனக்கு வேண்டும் என்றேன். "ஒனக்கு எதுக்குட்டி அந்த ஓட்ட வண்டி?" என்றான். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவர் சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். வீடும் நகையும்தான் சொத்து, கார் கிடையாது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் ஆர்டிஓ ஆபீஸில் படிவம் 31 கொடுத்து ஆர்சி புத்தகத்தை என் பேருக்கு மாற்ற, மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்து வேண்டியிருந்தது. அம்மா அன்றே போட்டுக் கொடுத்தார். அண்ணன் கையெழுத்துக்கு நான் கோயம்புத்தூர் வரை போய் வந்தேன். பதினைந்து வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணம் அந்த வருடம் ஏப்ரலில்தான் 600 ரூபாயிலிருந்து 5000 ஆகியிருந்தது. மைனி அதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

எனக்கு ஏன் வேண்டும் என்பதற்குப் பெரிய காரணமெல்லாம் இல்லை. கார் ஓட்டத் தெரியும், கார் கிடையாது. பாளையங்கோட்டையிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்குச் சித்தியைப் பார்க்கப் போக அம்மாவின் முழங்கால் பஸ் படியில் ஏற மறுத்தது. சித்திதான் அம்மாவுக்கு மிச்சமிருக்கிற ஒரே சிநேகிதி.

ஆகவே அப்பா இறந்து நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியை வாடிக்கையாகப் பார்க்கிறபோது பார்க்க வேண்டியதையெல்லாம் வரிசையாகப் பார்த்தேன். ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், டயர், கடைசியாகப் பியூஸ் பெட்டி.

பத்மினியின் பியூஸ் இப்போதைய கார்களில் வருகிற வண்ண வண்ணப் பிளாஸ்டிக் துண்டு மாதிரி இருக்காது. சுண்டுவிரலின் ஒரு கணு அளவுக்கு ஒரு பீங்கான் குச்சி. அதன் முதுகில் ஒரு மெல்லிய உலோகப் பட்டை ஓடும். இரண்டு பித்தளை நாக்குகளுக்கு நடுவே அதை அமுக்கி உட்கார வைக்க வேண்டும். வெள்ளை என்றால் 8 ஆம்பியர், சிவப்பு என்றால் 16. அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் அந்தப் பட்டை உருகி அறுந்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒயர் எரிவதற்கு முன் தான் எரிந்துவிடுவது.

எங்கள் வண்டியில் ஒரு பியூஸின் மேல் செம்பு இழைகள் சுற்றியிருந்தன. மூன்று இழை, முறுக்கி, பளபளவென்று. பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, முன்பக்கத்து சின்ன விளக்கு, மீட்டர் விளக்கு எல்லாம் அந்த ஒரு பியூஸில்தான் ஓடுகின்றன. எல்லாப் பல்பையும் கூட்டினாலும் 30 வாட். 12 வோல்ட்டுக்கு அது இரண்டரை ஆம்பியர்தான் இழுக்கும். 8 ஆம்பியர் பியூஸ் அதற்குத் தாராளம். அந்த மூன்று செம்பு இழை சேர்ந்தால் 30 ஆம்பியருக்கு மேலும் அறுந்து விழாமல் தாங்கும். அதற்குப் பிறகு வருகிற ஒயரோ தாங்காது. ஏதோ ஒரு பட்டறையில், பியூஸ் அடிக்கடி போகிறது என்று அப்பா சொன்னதற்கு, பியூஸ் போகவே முடியாதபடி செய்து கொடுத்திருக்கிறார்கள். அப்பாவும் திருப்தியாக வந்திருக்கிறார். கடைசி மூன்று வருடம் லைட் போகவே இல்லை.

நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓம் விதி நடத்துகிறவள். செம்பைப் பிரித்து எறிந்துவிட்டு வெள்ளைப் பியூஸ் ஒன்றை வாங்கிப் போட்டேன்.

அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனேன். போகும்போது பகல். திரும்பும்போது இருட்டிவிட்டது. வீரவநல்லூர் தாண்டி மீட்டர் விளக்கு அணைந்தது. முன்விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் வண்டி ஓடியது. பின்னால் வந்த லாரி மிக அருகில் வந்து பிரேக் அடித்து, அலறி, எங்களைத் தாண்டிப் போகும்போது கிளீனர் ஜன்னலில் தலை நீட்டித் திட்டினான். இந்த ஃபால்ட்டின் கொடூரம் அதுதான்: ஓட்டுகிறவருக்கு முன்னால் வெளிச்சம் இருக்கும், பின்னால் இருட்டாக இருப்பது தெரியாது. ஓரமாக நிறுத்தினேன். இரண்டு பைக் நின்றது. "என்ன மேடம் பிரச்சன?" ஒன்றுமில்லை என்றேன். அவர்கள் போகவில்லை. இருட்டில், நடுரோட்டில், இரண்டு பெண்கள் நிற்கும் காருக்கு உதவ வருகிறவர்களில் யார் உதவ வந்தவர் என்று முகம் பார்த்து முடிவு செய்ய வெளிச்சம் வேண்டும். பியூஸ் மாற்றினேன். எரிந்தது. அம்மா உள்ளே ஏறி உட்கார்ந்தார். அணைந்தது.

"நான் வந்திருக்கக் கூடாதுட்டி" என்றார். அந்த இரவு இரண்டு இண்டிகேட்டரையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். அதன் பிறகு அம்மா அந்த வண்டியில் ஏறவில்லை. கேள்விப்பட்ட பெரியப்பா வீட்டில், "அவரு ஓட்டுன வரைக்கும் ஒரு கொறையும் இல்ல. தாலியறுத்தவ ஏறுனா?" என்றார்களாம். இதைச் சொன்னதும் ஒரு பெண்தான். அம்மா அதை என்னிடம் கோபமில்லாமல் திருப்பிச் சொன்னார். அந்தக் கோபமின்மைதான் என்னை அந்த ஒயரைத் தேட வைத்தது.

எங்கள் வீட்டில் மின்சாரம் ஆண்களுடைய பண்டம். கரண்ட் போனால் அப்பா பியூஸ் கட்டையைப் பிடுங்குவார், அண்ணன் ஒயர் சுற்றுவான், நான் டார்ச் பிடிப்பேன். பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் டார்ச் பிடித்த கதை ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். "ஆட்டாம பிடிட்டி" என்பார்கள். டார்ச் பிடிக்கிறவள் ஆரம்பம் முதல் கடைசி வரை எல்லாவற்றையும் பார்க்கிறாள். கை மட்டும் வைப்பதில்லை. வேலை முடிந்ததும் கற்றுக்கொண்டவன் என்று பெயர் வாங்குவது மற்றவன்.

ஆச்சி காலத்துக் கதை இன்னும் வேறு. பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தது 1944இல். அதற்கு முந்தைய வருடம் 1943இல், சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் அ. லலிதா மின்பொறியியல் படித்து முடித்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். பதினெட்டு வயதில், கைக்குழந்தையோடு கணவனை இழந்தவர். அவருடைய அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர், படிக்க வைத்தார். பின்னால் கல்கத்தாவில் வேலை பார்த்து, மின்கடத்துப் பாதைகளை வடிவமைத்தார். தலையை மழித்து மூலையில் உட்கார வைக்கிற வழக்கம் நிறைய வீடுகளில் உயிரோடு இருந்த காலம் அது. எங்கள் ஆற்றில் மின்சாரம் வந்த அதே நாட்களில் ஓர் இளம் விதவை அந்த மின்சாரத்தின் சூத்திரம் தெரிந்தவளாக இருந்தாள் என்பதை ஆச்சியிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆச்சி கடைசி வரை சுவிட்சைப் புறங்கையால்தான் தட்டுவார்.

வண்டியை இரண்டு பட்டறைகளில் காட்டினேன். இருவரும் பகலில் பார்த்தார்கள். சின்ன விளக்கைப் போட்டு, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "ஒண்ணும் இல்லையே" என்றார்கள். ஒருவர் பெரிய பியூஸ் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். அவர் தப்பானவர் அல்ல. இந்த ஊரில் முக்கால்வாசிப் பிரச்சினைக்கு எல்லோரும் சொல்கிற தீர்வைத்தான் சொன்னார். இன்னும் கொஞ்சம் தாங்கிக்கொள்கிற மாதிரி ஏதாவது.

பிறகு வெள்ளம் வந்தது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடியது. எங்கள் தெரு மேடு, தப்பித்தோம். ஆனால் வண்ணார்பேட்டையில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியிடம் ஜனவரி முதல் வாரம் நான் போய் நின்றபோது, அவர் கடைக்கு முன்னால் ரோட்டோரம் முழுக்க வண்டிகள். சேறு காய்ந்த சீட்டுகள் வெயிலில் கிடந்தன. அவர் ஒரு பியூஸ் பெட்டியைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

"டீச்சர், இப்ப இருக்க நெலமைல ஒங்க வண்டியத் தொட எனக்கு மார்ச் ஆயிரும். நீங்களே பாத்துருங்க. ஒரு பிரேக் லைட்டு பல்பு, ஹோல்டரு, ரெண்டு முழம் ஒயரு. பியூஸ எடுத்துட்டு அந்த எடத்துல பல்பக் கோத்துருங்க. ஷார்ட் இருந்தா முழு வெளிச்சமா எரியும். இல்லன்னா எரியாது. பியூஸும் போவாது, ஒயரும் பொசுங்காது. நாள் பூரா உக்காந்து தேடலாம்."

எவ்வளவு அழகான யோசனை! பியூஸ் ஒரு தடவைதான் சொல்லும், சொல்லிவிட்டுச் செத்துவிடும். பல்பு சொல்லிக்கொண்டே இருக்கும். 21 வாட் பல்பு, ஒன்றே முக்கால் ஆம்பியருக்கு மேல் விடாது. ஒயர் எங்கே பாடியைத் தொட்டு முழு ஷார்ட் ஆனாலும் அந்தப் பல்பு எரிவதோடு சரி. காரில் திரும்பி வருகிற ஒயர் தனியாகக் கிடையாது. பாட்டரியின் நெகட்டிவ் பாடியோடு கட்டியிருக்கும். தகடு முழுவதுமே திரும்புகிற வழி. அதனால் பாசிட்டிவ் ஒயரின் தோல் எங்கே உரிந்து எந்த இரும்பைத் தொட்டாலும் ஷார்ட். தேட வேண்டிய இடம் மொத்த வண்டி. ஹோல்டரையும் பல்பையும் அவரே எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

பொங்கல் கழிந்த ஞாயிறு சாயங்காலம். வாசல் ஷெட்டில் பத்தமடைக் கோரைப்பாய் ஒன்றை விரித்து உட்கார்ந்தேன். முதலில் அந்தப் பியூஸில் ஓடுகிற பல்புகள் எல்லாவற்றையும் கழற்றினேன். கழற்றாவிட்டால் அவற்றின் வழியாக ஓடுகிற மின்சாரமே சோதனைப் பல்பை அரைகுறையாக எரிய வைத்துக் குழப்பும். எல்லாம் கழற்றிய பிறகு சுவிட்சைப் போட்டேன். சோதனைப் பல்பு எரியவில்லை. அதாவது ஷார்ட் இல்லை. டிக்கி மூடியைத் திறந்து மூடினேன். கீலில் ஒயர் மடங்கி மடங்கி அறுவது வழக்கம். இல்லை. இன்ஜின் பக்கமிருந்து ஒயர் உள்ளே வருகிற துளையில் ரப்பர் வளையம் காய்ந்துபோய்த் தகட்டு விளிம்பு ஒயரை அறுத்திருக்கலாம். ஆட்டிப் பார்த்தேன். இல்லை. பின்விளக்கு ஹோல்டர்களைத் தட்டினேன். இல்லை. பல்பு செத்த மீன் கண் மாதிரி அப்படியே கிடந்தது.

அம்மா நடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஏறாம எப்படிட்டி வரும்?" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் வாழ்நாள் முழுவதும் ஏதோ ஒரு வடிவில் கேட்டிருக்கிறேன். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போதெல்லாம் போனது என்று கேட்டேன். கையில் நோட்டு. அம்மா முதலில் தயங்கினார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். எனக்கு எழுதக் கை போதவில்லை.

பகலில் ஒரு தடவைகூடப் போனதில்லை. "லைட்டே போடாம எப்படிப் போவும், அது சரி, ஆனா மழையன்னைக்குப் பகல்ல லைட்டு போட்டுப் போனோம்லா ஒங்க பெரியத்த வீட்டுக்கு, அன்னைக்குப் போச்சு." வண்டி வாங்கிய புதிதில் போனதில்லை. அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்து வெல்டிங் வைத்தார்களே, அதற்குப் பிறகுதான். அண்ணன் பின்சீட்டில் உட்கார்ந்து போனபோது போகவில்லை. அவன் எப்போதும் அப்பாவுக்குப் பின்னால், வலப்பக்கம். "நான் எடப்பக்கம்தான். ஒருக்க செங்கோட்டைக் கல்யாணத்துக்கு நாலு பேரு ஏறுனோம். என்ன நடுவுல நெருக்கிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி வந்தோம், ஒண்ணும் ஆவல." கடைசி மூன்று வருடம் லைட் போகவில்லை, ஆனால் வேறொன்று. "ரப்பர் கருகுத மாதிரி ஒரு வாசம். ஒங்கப்பாட்ட சொன்னேன். பெட்ரோல் வாசம்னாரு."

இருட்டு, இடப்பக்கம், அம்மாவின் எடை, வெல்டிங்குக்குப் பின். இருபது வருடத்துப் பதிவேடு அது, தேதி தவிர எல்லாம் இருந்தது. ஒரு பட்டறைக்காரர் இந்த நான்கையும் கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் இடத்தைக் கை வைத்துக் காட்டியிருப்பார். ஆனால் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனது அப்பா. ஓட்டிப் பார்த்தவர்கள் தனியாக ஓட்டிப் பார்த்தார்கள். பின்சீட்டில் இடப்பக்கம் ஒரு பெண்ணை உட்கார வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் கார் என்பது ஓட்டுகிறவருடைய இடத்திலிருந்து பார்க்கிற சாமான். அம்மா சொன்னது தகவல். கேட்டவர்கள் காதில் அது ராசியாக விழுந்தது. அதைவிடக் கஷ்டம், இருபது வருடம் அப்படியே திருப்பிச் சொல்லிச் சொல்லி, அம்மாவின் காதிலும் அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது.

"வா, ஏறு" என்றேன்.

"வேண்டாம்ட்டி. எல்லாஞ் சரியா இருக்கையில..."

"சரியா இல்லன்னு தெரியத்தான்."

அம்மா சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் தேய்த்துவிட்டு, இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். பாயின் மேல் கிடந்த பல்பு பளிச்சென்று எரிந்தது.

எழச் சொன்னேன். அணைந்தது. உட்காரச் சொன்னேன். எரிந்தது. நடுவில் நகரச் சொன்னேன். அணைந்தது. அம்மாவால் அங்கிருந்து பல்பைப் பார்க்க முடிந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே எழுந்தார், உட்கார்ந்தார். எழுந்தார், உட்கார்ந்தார். முழங்கால் வலிக்குமே என்றேன். "சும்மா இருட்டி" என்றார்.

சீட்டைத் தூக்குவதற்கு முன் பாட்டரியைக் கழற்ற வேண்டும். நெகட்டிவை முதலில். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறி பாடியைத் தொட்டால் அங்கேயே வெல்டிங் நடக்கும். அதேபோல் பாட்டரிக்குப் பக்கத்தில் கையில் உலோகம் ஆகாது. தங்க வளையல் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும், ஒரு நொடியில் பழுத்துவிடும். மோதிரம், வளையல், தொங்குகிற செயின் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் குனிய வேண்டும். நான் வளையலைக் கழற்றி நடையில் வைத்தேன். பிடிக்க வந்த அம்மா தன் கைகளை ஒரு தடவை பார்த்தார். அவர் கையில் கழற்ற ஒன்றும் இல்லை. பதினாறாம் நாளே எல்லாம் கழற்றியாகிவிட்டது.

இருவருமாகச் சீட்டைத் தூக்கி வெளியே வைத்தோம். அடியில் ஒரு ஹேர்பின், இரண்டு நாலணா, தென்னை நார்த்தூள். பின்பக்கம் போகிற ஒயர்க் கட்டு, கதவோரத்து விளிம்பை ஒட்டிப் போய்க் கிளிப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியது. வெல்டிங் வைக்கும்போது தீ படாமல் இருக்க நகர்த்தியிருக்கிறார்கள், திரும்ப மாட்டவில்லை. அது நடுத்தகட்டின் மேட்டில், சீட்டு ஸ்பிரிங்குக்கு நேர் கீழே கிடந்தது. ஒவ்வொரு தடவை ஆள் உட்காரும்போதும் ஸ்பிரிங் இறங்கி ஒயரின் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்திருக்கிறது. அரை அங்குல நீளத்துக்கு உரிந்து செம்பு தெரிந்தது. ஸ்பிரிங் இரும்பு, பாடியோடு சேர்ந்தது. அம்மா உட்கார்ந்தால் ஸ்பிரிங் செம்பைத் தொடும். அவ்வளவுதான்.

சீட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஸ்பிரிங்குக்கு மேலே இருந்த சாக்குத் துணியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கருகியிருந்தது. அதற்கு மேல் தென்னை நார். அதற்கு மேல் ரெக்ஸின். அதற்கு மேல் அம்மா.

செம்பு இழை சுற்றியிருந்த மூன்று வருடம், லைட் போகாமல் இருந்த மூன்று வருடம், அந்த வட்டம் வளர்ந்திருக்கிறது. மூக்கில் பட்டதை அம்மா சொல்லியும் இருக்கிறார். நான் சாக்கை விரலால் தொட்டேன், பொடியாக உதிர்ந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நல்லவேள, பியூஸு போச்சு" என்று மட்டும் சொன்னார்.

சரிசெய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பொசுங்கிய துண்டை வெட்டி எறிந்து, அதே கனத்தில் புது ஒயர் சேர்த்து, ஈயம் வைத்து, டேப் சுற்றி, அதற்கு மேல் பழைய சைக்கிள் டியூப்பை உறையாகப் போட்டு, விளிம்பை ஒட்டிக் கிளிப்பில் மாட்டினோம். டேப்பை மட்டும் நம்பக் கூடாது. நம் ஊர் வெயிலில் பசை இளகி இரண்டு வருடத்தில் பிரிந்து தொங்கும். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்லிடம் சொல்லாமல் அவர் செய்த மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் அது. வழியில் ஓர் ஒயர் தோலுரிந்து ஷார்ட் ஆனபோது, தன் காலுறையைப் பிடித்திருந்த எலாஸ்டிக் பட்டையைக் கழற்றி அதில் சுற்றினார் என்று சொல்வார்கள். அந்த வண்டித் தொழிலில் போட்டது அவருடைய சீதனப் பணம். காப்புரிமையில் இருப்பது கணவர் பெயர். அம்மாவிடம் இதைச் சொன்னேன். சீதனம் என்பது அந்த ஊரிலும் உண்டா என்று கேட்டார். மற்றதெல்லாம் அவருக்கு ஆச்சரியமாக இல்லை.

வெள்ளை 8 ஆம்பியர் பியூஸைப் போட்டேன். அம்மா உட்கார்ந்தார். எரிந்தது.

அண்ணனுக்குப் போனில் சொன்னபோது, "அப்ப வெறும் ஒயர்தானா" என்றான். பெரியப்பா வீட்டில், ஏதோ நல்ல நேரம் பார்த்து ஏறியிருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்களாம். சாக்குத் துணியின் கருகிய துண்டைக் கத்தரித்து வைத்திருக்கிறேன், அதைக் காட்டலாமா என்று யோசித்தேன். அம்மா வேண்டாம் என்றார். அவர்களுக்கு நிரூபிக்கிற வேலையில் அவருக்கு ஆர்வமில்லை.

அம்மா இப்போது முன்சீட்டில் உட்காருகிறார். முதலில் கூச்சமாக இருந்ததாம், பிறகு ரோடு தெரிவது பிடித்துவிட்டது. டாஷ்போர்டு பெட்டியில் ஐந்து வெள்ளைப் பியூஸ், இரண்டு சிவப்பு, ஒரு டார்ச், அண்ணாச்சி கொடுத்த பல்பு, என் நோட்டு. நோட்டு பெரும்பாலும் அம்மா மடியில்.

போன மாதம் சித்தி வீட்டிலிருந்து அப்பளக் கட்டோடு திரும்பும்போது ஹாரன் தானாக அடித்தது. பியூஸ் போகவில்லை. பத்மினியில் ஹாரன் சுவிட்சே எர்த் கொடுக்கிற சுவிட்ச்தான். ஸ்டியரிங் தண்டுக்குள் அந்த ஒயர் எங்காவது இரும்பைத் தொட்டால் நாம் அழுத்தியதாக நினைத்துக்கொண்டு அது அடிக்கும். நான் யோசித்துக்கொண்டே ஓட்டினேன். அம்மா நோட்டைத் திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"வலப்பக்கம் ஒடிக்கையில அடிக்கல. எடப்பக்கம் முழுசா ஒடிச்சாத்தான். சேரன்மாதேவி வளைவுல ரெண்டு தடவ, வீரவநல்லூர்ல ஒரு தடவ. அதுவும் வண்டி சூடான பெறகு."

வரும் சனிக்கிழமை ஸ்டியரிங்கைக் கழற்றப் போகிறோம்.